தோள்வாரில் ஒரு கமகம்: பி-பெண்டர் கிட்டார், வாங்குபவர்களுக்கு ஒரு மதிப்பீடு

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் வைட் 1973 ஜூலையில் கலிஃபோர்னியாவின் பாம்டேல் நகரில் இறந்தார். கச்சேரி முடிந்து வாத்தியங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு ஓட்டிவந்தவரின் கார் மோதியது. அப்போது அவருக்கு வயது 29.

அவருடைய ரசிகர்களில் இரண்டு வகை உண்டு. கென்டக்கி கர்னல்ஸ் குழுவில் அண்ணன் ரோலண்டின் மாண்டலினுக்குப் பக்கத்தில் நின்று மின்சாரமில்லாத மரக் கிட்டாரில் பிக் (மீட்டும் சில்லு) பிடித்து வாசித்தவரை நினைப்பவர்கள் ஒரு வகை. 1968 முதல் 1973 வரை பேர்ட்ஸ் ராக் குழுவில் டெலிகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தவரை நினைப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினர் கிட்டார் கடைக்குப் போனால் ஒரு பொருளைத் தேடுவார்கள். அதுதான் பி-பெண்டர், கிட்டாரின் இரண்டாம் கம்பியான பி-யை மட்டும் வாசிக்கும்போதே இழுத்து ஸ்ருதி ஏற்றும் இயந்திரம். இந்தக் கருவியின் பெயரிலேயே வைட்டின் பெயரும் இருக்கிறது. பார்சன்ஸ்-வைட் ஸ்ட்ரிங்பெண்டர் என்பார்கள். இன்றைக்கு அதை வாங்கலாமா, எந்த வகையை வாங்குவது, வாங்கினால் எங்கே தகராறு வரும் என்பதைப் பார்க்கலாம்.

முதலில் அது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் மற்றவை புரியும். பெடலை மிதித்துக் கம்பிகளின் ஸ்ருதியை மாற்றும் பெடல் ஸ்டீல் கிட்டாரில் ஒரு கம்பி அசையாமல் ஒலிக்கும்போதே பக்கத்துக் கம்பி மட்டும் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும். சாதாரணக் கிட்டாரில் கம்பியை விரலால் இழுக்கலாம், வீணையில் இழுக்கிற மாதிரிதான். ஆனால் மற்ற விரல்களெல்லாம் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டை) பிடித்துக்கொண்டிருக்கும்போது இழுக்க விரல் மிஞ்சாது. வைட் நட்டுக்கு (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் ஏறி வரும் பள்ளமிட்ட கட்டைக்கு) பின்னால் கம்பியை அமுக்கி இந்த வழுக்கலைக் கொண்டுவந்தார். கிட்டார் கழுத்தில் நட்டை விட்டு விலகி வாசிக்கும்போது கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. 1960களின் பிற்பகுதியில் ஒரு ஒலிப்பதிவின்போது, உடன் வாசித்த டிரம்மர் ஜீன் பார்சன்ஸ் கை நீட்டி அந்தக் கம்பியை இழுத்துக் கொடுத்தார். பார்சன்ஸுக்கு இயந்திர வேலையும் தெரியும். காலால் மிதிக்கும் பெடலை அவர் யோசித்தபோது வைட் ஒப்பவில்லை. எல்லாம் கிட்டாருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றார். ஸ்டீல் கலைஞர் ஸ்னீக்கி பீட் கிளைனோ கொடுத்த உதிரிப் பாகங்கள் சேர்ந்து, தோள்வாரால் இயங்கும் நெம்புகோல் உருவானது. அதை வைட்டின் 1954 டெலிகாஸ்டரில் பொருத்தினார்கள். உள்ளே இடம் போதாததால் பின்பக்கம் இன்னொரு பலகை ஒட்டப்பட்டது. அந்தக் கிட்டாரை 1980இல் மார்ட்டி ஸ்டுவர்ட் வாங்கினார். மேடையில் அதைத் தொடர்ந்து வாசித்து வருபவர் அவர்தான்.

இயங்கும் விதம் எளிது. கிட்டார் உடலின் மேல்முனையில் வார் மாட்டும் குமிழ் மரத்தில் அறையப்பட்டதல்ல. அது ஒரு நெம்புகோலின் முனை. இடது கையால் கழுத்தைக் கீழே அமுக்கினால் வார் அந்தக் குமிழை மேலே இழுத்துப் பிடிக்கும். உள்ளே ஒரு கம்பித்தண்டு அந்த அசைவை, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சிறிய உருளைக்குக் கொண்டுபோகும். இரண்டாம் கம்பியின் குண்டுமுனை அந்த உருளையில்தான் மாட்டியிருக்கும். உருளை திரும்ப, கம்பி இறுகி பி ஸ்வரம் சி ஷார்ப்புக்கு ஏறும். அமுக்கத்தைத் தளர்த்தினால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இந்த ஒரு முழு ஸ்வர ஏற்றத்துக்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்த்தால், பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் காரணம் தெரியும். டெலிகாஸ்டரின் 25½ அங்குலக் கம்பி நீளத்தில் 0.013 அங்குலத் தடிமன் கம்பி பி ஸ்வரத்தில் நிற்கும்போது இறுக்கம் சுமார் 7 கிலோ. சி ஷார்ப்பில் அது சுமார் 8.8 கிலோ. ஒவ்வொரு இழுப்பிலும் கால் பங்குக்கு மேல் கூடுகிறது, உடனே இறங்குகிறது. ஒரு பாட்டில் நாற்பது முறை இழுத்தால் நாற்பது முறையும் கம்பி நட்டிலும், பிரிட்ஜில் அது அமரும் சேடிலிலும் வழுக்கிப் போய்த் திரும்ப வேண்டும்.

அதனால் முதலில் வரும் கோளாறு, பி ஸ்வரம் இறங்கி நிற்பது. இழுக்கும்போது நட்டுக்குப் பின்னாலிருந்து துளி கம்பி முன்னால் வரும். விடும்போது அது திரும்பிப் போகாமல் நட்டின் பள்ளத்தில் சிக்கினால் ஸ்ருதி தாழ்ந்துவிடும். பலரும் பெண்டர் கெட்டுவிட்டது என்று ஸ்குரூவைத் திருகுவார்கள். குற்றம் பெரும்பாலும் நட்டில்தான் இருக்கும். பள்ளம் 0.013 கம்பி தாராளமாக ஓடும் அளவுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும். பென்சில் கரியை அதில் தேய்ப்பது பழைய வைத்தியம், இன்னும் வேலை செய்கிறது. டெலிகாஸ்டரின் தலைப்பகுதியில் முதல் இரண்டு கம்பிகளையும் கீழே அமுக்கிப் பிடிக்கும் சிறு கொக்கி இன்னொரு உராய்வு இடம். அதை உருளை வைத்த கொக்கியாக மாற்றுவது நல்லது. கம்பியை முறுக்கும் டியூனர் கட்டையில் அதை இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது. சுற்று கூடினால் தளர்வும் கூடும்.

இரண்டாவது, கம்பி அறுவது. சேடிலில் உரசும் இடத்தில் அல்லது குண்டுமுனையின் முறுக்கில்தான் அறும். சேடிலின் பள்ளத்தில் கூர்விளிம்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் மிக நைசான உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். இரண்டாம் கம்பியை மற்றவற்றைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். முழு செட்டை மாற்றாமல் 0.013 தனிக் கம்பிகளைக் கையில் வைத்துக்கொள்வது சிக்கனம்.

மூன்றாவது தொல்லை வாரில் வருவது. இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீளும் துணி வார், பஞ்சு வைத்த வார் இரண்டுமே கூடாது. நீங்கள் அமுக்குகிற அமுக்கத்தை வாரே குடித்துவிடும், குமிழ் அசையாது. நீளாத தோல் வார், இரண்டு அங்குல அகலம், குமிழில் இறுக்கமாக உட்காரும் ஓட்டை. உட்கார்ந்து வாசித்தாலும் வார் மாட்டித்தான் ஆக வேண்டும். கிட்டார் தொடையில் சாய்ந்திருந்தால் இழுக்க எதுவும் இருக்காது. ஸ்பிரிங்கின் இறுக்கமும் உங்கள் கிட்டாரின் எடைக்குப் பொருந்த வேண்டும். இளக்கமாக வைத்தால் மேடையில் ஒரு அடி எடுத்து வைத்தாலே பி ஸ்வரம் தானாக ஏறும். மிக இறுக்கினால் அரை மணி நேரத்தில் இடது தோள் சோர்ந்துவிடும். கிட்டாரைத் தொங்கவிட்டுக் கையை எடுத்தால் ஸ்வரம் அசையக் கூடாது. அதற்குச் சற்று மேலான இறுக்கமே சரியான அளவு.

ஸ்ருதி சேர்ப்பதிலும் ஒழுங்கு உண்டு. வாரைத் தோளில் மாட்டி, வாசிக்கும் நிலையில் நின்று ஆறு கம்பிகளையும் சேருங்கள். பிறகு முழுதாக இழுத்துப் பிடித்து, ஏற்ற அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்குரூவால் சி ஷார்ப்பைச் சரிசெய்யுங்கள். ஐந்தாறு முறை இழுத்துவிட்டு பி-யை மறுபடி பாருங்கள். பி மாறினால் சி ஷார்ப்பும் மாறும் என்பதால் இந்த வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது. இதில் காது நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஏ கார்டில் சி ஷார்ப் மூன்றாம் ஸ்வரமாக வருகிறது. இயற்கையான மூன்றாம் ஸ்வரம் ஸ்ருதி காட்டும் கருவி சொல்லும் அளவைவிட சுமார் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்தது; ஸ்டீல் கலைஞர்கள் அப்படித் தாழ்த்தித்தான் வைக்கிறார்கள். கிட்டாரில் அவ்வளவும் இறக்கினால் பியானோவோடு உரசும். ஐந்தாறு சென்ட் இறக்கி நிறுத்துங்கள். அந்தச் சிறு இறக்கத்தில்தான் கார்டு இனிக்கிறது.

வகைகளுக்கு வருவோம். உண்மையான ஸ்ட்ரிங்பெண்டர் பொருத்த கிட்டாரின் பின்பக்கத்தில் கணிசமான மரத்தைக் குடைய வேண்டும். திரும்பப் பெற முடியாத வேலை. பழைய, மதிப்புள்ள டெலிகாஸ்டரில் இதைச் செய்யவே கூடாது. ஃபெண்டர் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த நாஷ்வில் பி-பெண்டர் டெலிகாஸ்டரில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. நடுவில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப் (கம்பி அதிர்வை மின்னலையாக்கும் பாகம்) ஒன்றும் உண்டு. இப்போது தயாரிப்பில் இல்லை, பழையதாகத்தான் கிடைக்கும். என் கணிப்பில் வைட்டின் ஒலிக்காக வாங்குபவர்களுக்கு இதுவே சரியான வழி. நாஷ்வில் நகரின் ஜோ கிளேசர் செய்யும் பெண்டரும் வாரால் இயங்குவதுதான். மரம் குடைவது குறைவு.

மரத்தைத் தொடவே மனமில்லாதவர்களுக்கு ஹிப்ஷாட் இருக்கிறது. கிட்டாரின் அடிப்பகுதியில் வெளியே மாட்டும் கருவி. நீட்டிக்கொண்டிருக்கும் கோல் இடுப்பில் முட்டும். கிட்டாரைத் தள்ளினால் கம்பி ஏறும். விலை குறைவு, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். வாங்கும் முன் பிரிட்ஜ் தகட்டின் பின்விளிம்பில் கம்பி போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். கோலோடு சேர்த்துக் கேஸ் மூடுமா என்பதும் முக்கியம். இடுப்பசைவுக்கும் தோளசைவுக்கும் உள்ள வித்தியாசம் ஒலியில் தெரியும். கழுத்தை அமுக்கும் இடது கைதான் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகளில்) கம்பிகளையும் பிடிக்கிறது. அதனால் வார் வகையில் இழுப்பு வாசிப்போடு ஒட்டி வரும். ஹிப்ஷாட்டில் அது பழகக் கூடுதல் காலம் பிடிக்கும். ஆனால் பெண்டர் தனக்கு ஒத்துவருமா என்று சோதிக்க நினைப்பவர் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும்.

பழகத் தொடங்க ஒரே ஒரு வடிவம் போதும். ஏ கார்டில் நான்காம், மூன்றாம் கம்பிகளை 2ஆம் ஃப்ரெட்டில் பிடித்து, முதல் இரண்டு கம்பிகளையும் திறந்து விடுங்கள். மீட்டிவிட்டு இழுங்கள், பி ஏறி சி ஷார்ப்பாக, கார்டு முழுமையடையும். அதே வடிவத்தை மேலே நகர்த்தினால், நான்காம், மூன்றாம் கம்பிகள் 5இலும் இரண்டாம், முதல் கம்பிகள் 3இலும் வைத்தால் சி கார்டு. 7, 5 என்றால் டி. 12, 10 என்றால் ஜி. ஜி, சி, டி மூன்றும் வந்துவிட்டால் பாதி அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்கள் கையில் இருக்கின்றன. தாளம் தட்டும் மெட்ரோனோமை 60இல் வைத்து, தாளத்தில் மீட்டி, அரைத் தட்டில் சி ஷார்ப்பை எட்டுங்கள். பிறகு தலைகீழாக, முன்பே இழுத்து வைத்து மீட்டி மெதுவாக விடுங்கள். இறங்கும் அந்த ஒலிதான் அழுகை. பாதி வழியில் சி-யில் நிறுத்துவது கடினம், அங்கே தடுப்பு எதுவும் கிடையாது, காது மட்டும்தான் துணை.

எல்லா இழுப்பையும் ஒரே வேகத்தில் இழுப்பது புதியவர்களின் பெரிய தவறு. பேர்ட்ஸின் 1970 இரட்டை ஆல்பமான 'அன்டைட்டில்ட்'டின் மேடைப் பதிவைக் கேளுங்கள். வைட் சில இடங்களில் வெடுக்கென்று இழுக்கிறார், சில இடங்களில் தாளத்துக்குப் பின்னால் இழுத்தடிக்கிறார், பல இடங்களில் இழுக்கவே இல்லை. மரக் கிட்டாரில் வளர்ந்த பிக் வாசிப்புதான் அடித்தளம். பெண்டர் அதற்கு மேல்.

பழையதாக வாங்கும்போது கிட்டாரைத் தோளில் மாட்டி ஆம்ப்ளிஃபயரில் செருகி, சத்தமில்லாமல் பத்து முறை இழுத்துப் பாருங்கள். உள்ளே டொக் என்று இடித்தாலோ ஸ்பிரிங் கிணுகிணுத்தாலோ அது பிக்கப்பில் ஏறும். இணைப்புகளில் துளி எண்ணெயும், நெம்புகோல் முட்டும் இடத்தில் சிறு ஃபெல்ட் துண்டும் பெரும்பாலும் சரிசெய்துவிடும். குமிழைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் அச்சு தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கு எண்ணெய் உதவாது, பாகமே மாற்ற வேண்டும். விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.