பிங்க் ஃபிளாய்ட்: 1973 ஆல்பமா, 1975 ஆல்பமா?

முட்டம் பாறையில் உட்கார்ந்து கேட்க பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ஒரே ஒரு ஆல்பம் என்றால் எது?

‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) ஏறக்குறைய 43 நிமிடம். நாகர்கோவிலில் பஸ் ஏறினால் குளச்சலுக்குள் கேட்டுவிடலாம். வரிகள் முழுக்க குழுவின் பேஸ் கிட்டார்காரர் ரோஜர் வாட்டர்ஸ் எழுதியவை: காலம், பணம், சாவு, மனம் பிறழ்வது. பணத்தைப் பற்றிய பாட்டு சில்லறை விழும் சத்தத்தோடு தொடங்கும். எனக்குக் கண்டக்டரின் தோல்பைதான் நினைவுக்கு வரும்.

‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975) ஐந்தே பாட்டு. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட், மனநிலை பாதிக்கப்பட்டு 1968-ல் விலகியவர். அவரை நினைத்து எழுதிய ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்த 1975 ஜூனில், அவரே ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார். உடம்பு பருத்து, தலையும் புருவமும் மழித்திருந்தது. கூட வாசித்தவர்களுக்கே முதலில் ஆளைத் தெரியவில்லை. இதைப் படித்த அன்று என்னால் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க முடியவில்லை.

அறிவுக்கு முதல் ஆல்பம், சரி. ஆனால் என் ஓட்டு இரண்டாவதுக்கே. 2017 ஒக்கி புயலில் போனவர்கள் திரும்பாத வீடுகள் இருக்கிற கரை இது. ‘விஷ் யூ வேர் ஹியர்’, அதாவது ‘நீ இங்கே இருந்திருக்கலாமே’ என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். குழுவின் டேவிட் கில்மரின் கிட்டாரில் சிட் பாட்டின் அந்த நாலு சுரம் எழும்போது கலங்கரை விளக்கின் வெளிச்சம் கடல்மேல் ஒரு சுற்று வந்து போகும்.