ஃபெயோஷின் ‘லோன்சம்’: ப்ளூ-ரே தொகுப்பு விமர்சனம்

புடாபெஸ்ட்டில் 1897இல் பிறந்து, மௌனப்படக் காலம் முடியும் தறுவாயில் ஹாலிவுட்டுக்குள் நுழைந்த இயக்குநர் பால் ஃபெயோஷைப் புதிதாக அறிய விரும்புவோர், கிரைட்டீரியன் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘லோன்சம்’ ப்ளூ-ரே தொகுப்பிலிருந்து தயங்காமல் தொடங்கலாம்.

1928இல் வந்த இப்படத்தின் கதை மிகச் சிறியது. நியூயார்க்கில் தனியறைகளில் வாழும் ஓர் ஆலைத் தொழிலாளியும் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்யும் பெண்ணும் கோனி தீவுக் கேளிக்கைத் திடலில் சந்தித்துக் காதல்கொண்டு, அன்றிரவே கூட்ட நெரிசலில் ஒருவரையொருவர் தவறவிடுகிறார்கள். இந்த எளிய கதையை ஃபெயோஷ் காட்சிகளாக்கிய விதம்தான் வியக்க வைக்கிறது. வேலைநேரக் காட்சியில் கடிகார முகப்பு திரைமீது படர்ந்திருக்க, அவனுடைய எந்திரமும் அவள் செருகிப் பிடுங்கும் இணைப்புக் கம்பிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கரைந்து வருகின்றன. இன்னும் சந்திக்காத இருவரையும் ஒரே அலுப்பால் அவர் முடிச்சுப் போட்டுவிடுகிறார். கேளிக்கைத் திடலின் இரவு விளக்குகளுக்கு ஏற்றப்பட்ட வண்ணமும் இந்தப் பதிப்பில் காணக் கிடைக்கிறது.

பேசும்பட மோகத்துக்காகச் சேர்க்கப்பட்ட மூன்று உரையாடல் காட்சிகள்தான் உறுத்துகின்றன. அதுவரை கூட்டத்தோடு கூட்டமாக ஓடிய கேமரா, நடிகர்கள் வாயைத் திறந்ததும் ஆணியடித்தாற்போல் நின்றுவிடுகிறது. அவற்றை வெட்டியெறியாமல் வைத்திருப்பது சரியே. மௌனப்படம் எதை இழந்தது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெதுவும் காட்டாது.

உடனிணைப்பாக உள்ள ஃபெயோஷின் இரண்டு 1929 படங்களில், கான்ராட் வைட் மாயவித்தைக்காரராக நடித்த ‘தி லாஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ சுமார்தான். ‘பிராட்வே’யின் கதையும் சாதாரணமானதே என்றாலும், ஒளிப்பதிவாளர் ஹால் மோருடன் சேர்ந்து ஃபெயோஷ் உருவாக்கிய ராட்சத கேமரா கிரேன் இரவு விடுதி அரங்கின்மேல் பறந்து திரிவதை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். ஹங்கேரிக்குத் திரும்பி அவர் 1932இல் எடுத்த ‘தவசி ஸாபோர்’ படத்துக்கும் இதில் இடமளித்திருக்கலாம்.

பின்னாளில் மானிடவியலாளராகி, மானிடவியல் ஆய்வுகளுக்கு நிதியளிக்கும் வென்னர்-கிரென் அறக்கட்டளையை வழிநடத்திய அவர், தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் 1963ஆம் ஆண்டு நினைவுப் படமும் இதில் உண்டு. ‘லோன்சம்’ பார்த்து முடித்த கையோடு அந்தக் குரலைக் கேட்டுவிடுங்கள்.