கப்பல் பயணத்துக்கு நகரச் சுற்றுலா ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லி ₹1,86,000 வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்: சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டு, கரையிறங்கும் ஊர்களில் எதைப் பார்ப்பது, எப்படிப் போவது என்று விசாரித்துக்கொண்டிருக்கும் சேலத்துக்காரர்கள், அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். நாங்கள் நான்கு பேர், ஆளுக்கு ₹46,500 வீதம் ₹1,86,000 பணத்தை, நகரின் பரபரப்பான சாலை ஒன்றில் மாடியில் இயங்கும் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் கட்டிவிட்டு, அதற்கு ஈடாக ஒரே ஒரு நுழைவுச்சீட்டுகூடக் கிடைக்காமல் திரும்பி வந்திருக்கிறோம். பெட்டிகளை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. இன்னொரு குடும்பம் அந்த மாடிப்படி ஏறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். புகார் கொடுக்கப் போகிறோம் என்பதால் அலுவலகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

கப்பல் டிக்கெட்டை என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து கப்பல் நிறுவனத்திடமே நேராக எடுத்துக் கொடுத்தான்; ஷெங்கன் விசாவும் விமான டிக்கெட்டும் அப்படியே. அதில் எந்தக் குறையும் இல்லை. சிக்கல் முழுவதும் கரையில்தான். விளம்பரத்தில் ரோம், ஃப்ளாரன்ஸ் என்று போட்டிருந்தாலும் கப்பல் அந்த ஊர்களுக்குள் போவதில்லை. ரோமுக்கென்று நிற்கும் சிவிதாவெக்கியா துறைமுகத்திலிருந்து ரோம் சுமார் 75 கி.மீ.; ஃப்ளாரன்ஸுக்கென்று நிற்கும் லிவோர்னோவிலிருந்து ஃப்ளாரன்ஸ் சுமார் 90 கி.மீ. காலையில் இறங்கினால் மாலைக்குள் திரும்பியாக வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போய், பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கப்பலின் சுற்றுலாக் கட்டணத்தையோ நான்கு பேருக்கு எல்லா ஊர்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தலை சுற்றியது. இந்தப் பயமும் அந்த விலையும் தெரிந்தவர்கள்தான் நம் ஊரில் இப்படிக் கடை விரித்திருக்கிறார்கள்.

நானும் என் கணவரும் ஏற்காட்டில் காபியும் மிளகும் போட்டிருக்கிறோம். அக்கா சேலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். பாடப் புத்தகத்தில் இருக்கும், ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்தின் படத்தைக் காட்டிக் காட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு, ஒரு முறையாவது அதற்குள் போய் நிற்க வேண்டும், வத்திக்கானில் மைக்கலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சொல்லப்போனால் இந்தப் பயணம் கிளம்பியதே அந்த இரண்டு இடங்களுக்காகத்தான்.

அந்த அலுவலகத்தில் அக்கா தன் பெயரையும் வேலை பார்த்த பள்ளியையும் சொன்ன உடனே அதன் உரிமையாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மிஸ், என் தங்கச்சி உங்ககிட்டதான் படிச்சா, வீட்டுல எப்பப் பார்த்தாலும் உங்க பேச்சுதான்" என்றவர், எங்கள் கண்ணெதிரிலேயே தங்கைக்கு ஃபோன் போட்டு அக்காவின் கையில் கொடுத்தார். அக்காவுக்கு அந்தப் பெண்ணை நன்றாக நினைவிருந்தது; எந்த வரிசையில் உட்காருவாள், யாரோடு சேர்ந்து வருவாள் என்பதுவரை சொல்லிச் சிரித்துப் பேசினார். பேசி முடித்து ஃபோனைத் திருப்பிக் கொடுத்தபோது, விலையைப் பற்றியோ ரசீதைப் பற்றியோ கேட்கும் மனநிலையில் நாங்கள் யாருமே இல்லை. ஆசிரியை மீது மாணவியின் குடும்பத்துக்கு இருக்கும் மரியாதையை நம்பாமல் வேறு எதை நம்புவது? "மிஸ், சிஸ்டைன் சாப்பலுக்குள்ள உங்களைக் கொண்டுபோய் நிறுத்தறது என் பொறுப்பு. தமிழ் பேசற கைடு, ஏசி வேன், எல்லா இடத்துக்கும் டிக்கெட். நீங்க இறங்கினா போதும்" என்றார். அன்றைக்கே ₹86,000 கொடுத்தோம். பாஸ்போர்ட் நகல்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மீதி ₹1,00,000-ஐ அவர் சொன்ன எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பினோம். ரசீதில் 'பயணத் திட்டமிடல் சேவை' என்று எழுதியிருந்ததை மாமா சுட்டிக் காட்டிக் கேட்டதற்கு, "கணக்குக்காக எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம் சார்" என்று பதில் வந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன்பு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். ஸ்பைரல் பைண்டிங், வழுவழுப்பான தாள், அட்டையில் பொன்னிற எழுத்தில் அவரவர் பெயர். பார்சிலோனா, லிவோர்னோ, ரோம், நேப்பிள்ஸ் என்று ஊருக்கு ஒரு பக்கம். மணி வாரியாக நிகழ்ச்சி நிரல். ஒவ்வொரு பக்கத்தின் வலது மூலையிலும் ஒரு க்யூஆர் கோடு. அதன் மேல் 'கன்ஃபர்ம்டு' என்று பச்சை முத்திரை. இதைக் காட்டினால் போதும், வேறு எந்தக் காகிதமும் வேண்டாம் என்றார்கள்.

பார்சிலோனாவில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் முதல் இடம் சாக்ரதா ஃபமிலியா தேவாலயம். 1882இல் கட்டத் தொடங்கி, அடுத்த ஆண்டே கட்டடக் கலைஞர் கௌதியின் பொறுப்புக்கு வந்து, 1926இல் அவர் இறந்த பிறகும் தொடர்ந்து கட்டப்பட்டு வரும் தேவாலயம் அது. இணையம் வழியாக, நாளும் நேரமும் குறித்த சீட்டு எடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். வாயிலில் நின்ற பெண் எங்கள் புத்தகத்தின் மேல் கருவியை வைத்தார்; சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த புத்தகம், மறுபடியும் சிவப்பு. பிறகு அவரே என் ஃபோனை வாங்கி, கேமராவை அந்தக் கோடின் மேல் பிடித்துக் காட்டினார். தேவாலயத்தின் இணையதள முகப்புப் பக்கம் திறந்தது. அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய பக்கம்! நான்கு புத்தகங்களிலும் அதே கோடு. டிக்கெட் எண் இல்லை, நேரம் இல்லை, எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அன்றைய சீட்டுகள் எல்லாம் முன்பே தீர்ந்துவிட்டன என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னார். கௌதியின் காலத்திலேயே வேலை நடந்த, இயேசு பிறப்பைச் செதுக்கிய முகப்பை எதிர்ப் பூங்காவில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். வெளியே நின்று பார்ப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. அதற்கா ₹1,86,000 கட்டினோம்?

அங்கே காலை 10 மணி என்றால் நமக்குப் பகல் 1.30. வாயிலில் நின்றபடியே அந்த அலுவலக உரிமையாளரை அக்கா அழைத்தபோது, "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் மிஸ், அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றவர் கூப்பிடவே இல்லை. மாலையில் 'சர்வர் பிராப்ளம், லோக்கல் பார்ட்னரிடம் பேசிவிட்டேன், மற்ற ஊர்களில் பிரச்சினை வராது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. லிவோர்னோவில் இறங்கினால் வேனும் இல்லை, கைடும் இல்லை. கப்பலின் ஃப்ளாரன்ஸ் சுற்றுலாவில் இடம் தீர்ந்திருந்ததால், பைசா நகரம் வரை போகும் பேருந்தில் மேலும் பணம் கட்டிச் சாய்ந்த கோபுரத்தை மட்டும் பார்த்துத் திரும்பினோம். அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் மட்டும் வரவில்லை.

ரோமில் நடந்ததை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு பதறுகிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. புத்தகத்தில் 'காலை 10: வத்திக்கான் அருங்காட்சியகம், சிஸ்டைன் சாப்பல், மதியம் 2: கொலோசியம்' என்று இருக்கிறது. வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும். அன்று அனுமதி இலவசம். எங்களுடையது கடைசி ஞாயிறு இல்லை. அதாவது, அந்த நாளுக்கு அந்த இடத்துக்கு யாராலும் டிக்கெட் வாங்கியிருக்கவே முடியாது. கப்பல் எந்தத் தேதியில் எங்கே நிற்கும் என்ற அட்டவணையை நாங்கள்தான் அவரிடம் கொடுத்தோம். அந்தத் தேதிக்கு எதிரே இல்லாத ஒரு டிக்கெட்டை அச்சடித்துப் பச்சை முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறார். இதற்குப் பிறகும் 'சர்வர் பிராப்ளம்' என்றால் எப்படி நம்புவது?

வேனுக்காகத் துறைமுக வாயிலில் காத்திருந்து பயனில்லாமல், ரயில் நிலையம் போய், ஒரு மணி நேரம் போல ரயிலில் பயணம் செய்து, தூய பேதுரு பேராலயத்துக்கு அருகில் இருக்கும் சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினோம். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது. ஆனால் ஞாயிறு நண்பகல் பிரார்த்தனைக்கு வந்த கூட்டத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை சதுக்கத்தையே சுற்றி நின்றது. வரிசையை விட்டுவிட்டுக் கொலோசியத்துக்கு ஓடினோம். அங்கே சீட்டில் பார்வையாளரின் பெயர் அச்சிடப்பட்டிருக்க வேண்டும், அடையாள ஆவணத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்துக்குள் எந்த இடமும் மீதமில்லை. கான்ஸ்டன்டைன் வளைவின் பக்கத்தில் நின்றுகொண்டு, ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கிய அந்த அரங்கை கி.பி. 80இல் அவர் மகன் டைட்டஸ் திறந்து வைத்ததை அக்கா எங்களுக்கு விளக்கிச் சொன்னார். முப்பது ஆண்டு ஆசை வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மறுபடியும் அந்த மனிதரை அழைத்தோம். அதிசயமாக எடுத்தார். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை மிஸ், ஆபீஸ் லீவு. நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்." அவருடைய அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை என்பது தெரிகிறது, வத்திக்கானுக்கு விடுமுறை என்பது மட்டும் தெரியாதாம்.

நேப்பிள்ஸில் யாரையும் எதிர்பார்க்காமல், நாங்களே உள்ளூர் ரயில் பிடித்து, எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பாம்பேய் போனோம். பாஸ்போர்ட்டைக் காட்டி வாயிலிலேயே சீட்டு வாங்கி உள்ளே போய் நிம்மதியாகப் பார்த்தோம். பயணத்தில் மனம் நிறைந்த நாள் அது ஒன்றுதான், அதில் அந்த அலுவலகத்துக்கு ஒரு பங்கும் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு, ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அந்த மாடிக்குப் போனால், முன் மேசையில் இருக்கும் பையன் "சார் சென்னை போயிருக்காரு" என்கிறான். அடுத்து போனால் "மீட்டிங்ல இருக்காரு". "பார்ட்னர் பணம் போட்டதும் உங்களுக்கு வந்துடும், 45 வேலை நாள் ஆகும்" என்று ஒரு செய்தி. கடைசியில் நாங்கள் நால்வரும் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டதால் ஆள் அகப்பட்டார். முதலில், நீங்கள்தான் தாமதமாகப் போய் டிக்கெட்டைத் தவறவிட்டீர்கள் என்றார். வத்திக்கானின் ஞாயிறு விடுமுறையை மாமா எடுத்துச் சொன்னதும் பேச்சை மாற்றி, "ரசீதை நல்லாப் படிங்க சார். நாங்க குடுத்தது பிளானிங் சர்வீஸ் மட்டும்தான். புக் குடுத்துட்டோம்ல" என்றார். ₹1,86,000 அந்த ஸ்பைரல் புத்தகத்துக்கான விலையாம்! வேண்டுமானால் அந்தமான் பயணத்தில் ₹10,000 கழித்துக்கொள்கிறேன் என்று ஒரு கூப்பனை நீட்டினார். அக்கா அதைத் தொடவில்லை. "எங்க பேர்ல புக் பண்ணின டிக்கெட் ஒண்ணே ஒண்ணு காட்டு தம்பி, மீதிப் பணத்தை நான் கேக்கவே இல்ல" என்றார். அவர் யாருக்கோ ஃபோன் செய்வதுபோல எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அக்காவின் எண்ணும் என் எண்ணும் பிளாக்.

எந்தத் துறைமுகத்திலிருந்து எப்படிப் போவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும் சொல்கிறேன். ஏஜென்ட் அச்சடித்துத் தரும் எதுவும் டிக்கெட் ஆகாது. சாக்ரதா ஃபமிலியா, கொலோசியம், வத்திக்கான் ஆகியவற்றின் அதிகாரப்பூர்வ இணையதளங்களிலிருந்து உங்கள் பெயரும் நேரமும் போட்டு வந்த சீட்டைக் கண்ணால் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கப்பல் அட்டவணையை எடுத்து, எந்த ஊர் எந்தக் கிழமையில் வருகிறது, அன்று அந்த இடம் திறந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தனி ஆள் எண்ணுக்கு ஜிபே செய்யாதீர்கள். ரசீதில் எந்த ஊரில் எந்த டிக்கெட், எத்தனை பேருக்கு என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள், ரயில் மாறிப் போக முடியாதவர்கள், விலை கூடுதலானாலும் கப்பலின் சுற்றுலாவையே எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கட்டிய பணம் ₹5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். இந்த வாரமே நாங்கள் மனு கொடுக்கிறோம். அதே போன்ற ஸ்பைரல் புத்தகமும் பச்சை முத்திரையும் உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே மனுவைக் கொடுக்கலாம்.