விசைப்படகா, நாட்டுப்படகா?

ராமேஸ்வரத்தில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு என்று கடலையே பங்கு போட்டிருக்கிறார்கள். விசைப்படகு இழுவைமடி என்ற பைபோன்ற வலையைக் கடலடியில் இழுத்துக்கொண்டே போகும். இறால் கிடைக்கும், கூடவே பொடிமீனும் குஞ்சும் கழிவும் அள்ளிக்கொண்டு வரும். டீசல் செலவைக் கேட்டால் தலை சுற்றும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில்தான் கிடக்க வேண்டும்.

நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. மீனின் செவுள் சிக்கிக்கொள்ளும் செவுள்வலையை விரித்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலைக்கண்ணியின் அளவுக்கேற்ற மீன்தான் பெரும்பாலும் மாட்டும். மீன்பாடு குறைவு, காற்று வலுத்தால் கடலுக்குப் போகவும் முடியாது. சரி, ஆனால் மீன் நசுங்காமல் வரும். குழம்பு வைக்க வாங்குகிறவன் நான். என் கை நாட்டுப்படகு மீனுக்குத்தான் நீளும்.