மினி டிவி (MiniDV) கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்ற: ஃபயர்வயர் கார்டும் வின்டிவியும்

2000களில் ஹேண்டிகேமில் எடுத்த மினி டிவி கேசட்டுகளை, அதாவது அந்தச் சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்டுகளை, இன்னும் பீரோவில் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். பழைய டெஸ்க்டாப்பில், கேமராவை நேரடியாகக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் போட்டு, வின்டிவி (WinDV) என்ற இலவச மென்பொருள் மூலம் எங்கள் வீட்டுக் கேசட்டுகளை ஏற்றி முடித்தேன். மென்பொருளுக்கு முழு மார்க். கார்டும் நல்ல கார்டுதான், டிரைவர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் படுத்தியது.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைக் கேமராவில் மாட்டி யூஎஸ்பியில் செருகுகிற மலிவு கேப்சர் குச்சி இந்தக் கேசட்டுகளுக்கு வேண்டவே வேண்டாம். கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல், அதைக் கேமரா அனலாக் ஆக்கி, குச்சி மறுபடி டிஜிட்டல் ஆக்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போய்விடுகிறது. ஃபயர்வயரில் கேசட்டில் உள்ளது உள்ளபடியே வந்து இறங்கும். ஒரே காதுகுத்து வீடியோவை இரண்டு வழியிலும் ஏற்றிப் பார்த்தேன். குச்சியில் அம்மாவின் புடவை ஜரிகை மஞ்சள் தீற்றலாக இருந்தது, ஃபயர்வயரில் ஜரிகையின் கோடுகளே தனித்தனியாகத் தெரிகின்றன.

கார்டு ரிச்சி தெருவில் வாங்கியது, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் உட்காரும். கேமரா பக்கம் 4 பின், கார்டு பக்கம் 6 பின், அதற்கேற்ற கேபிளைக் கையோடு கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் கார்டைக் கண்டுகொண்டாலும் கேமராவைக் கண்டுகொள்ளவில்லை. டிவைஸ் மேனேஜரில் போய் 1394 லெகசி டிரைவருக்கு (1394 என்பது ஃபயர்வயரின் இன்னொரு பெயர், லெகசி என்றால் பழைய டிரைவர்) மாற்றிய பிறகுதான் வேலை செய்தது. ஒரு முனை யூஎஸ்பி, மறு முனை ஃபயர்வயர் என்று விற்கிற வெறும் கேபிளை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதில் வீடியோ வராது. மேக் வைத்திருப்பவர்கள், மேக்ஓஎஸ் 26 ஃபயர்வயரையே தூக்கிவிட்டது, அதனால் அப்டேட் போடும் முன் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வின்டிவி. தேடும்போது கவனம், டெலிவிஷன் கார்டுக்கான மென்பொருள் ஒன்றும் கிட்டத்தட்ட இதே பெயரில் இருக்கிறது. இது 2003ல் வந்த 1.2.3 பதிப்பு, குட்டி ஜன்னல், அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது, படம் எடுத்த தேதியும் நேரமும் கேசட்டிலேயே பதிவாகியிருப்பதை இது படித்து ஃபைல் பெயரில் சேர்த்துவிடுகிறது, கேமராவில் நிறுத்தி எடுத்த இடத்தில் எல்லாம் தானாகவே புது ஃபைல் தொடங்குகிறது. எடிட்டிங்கில் உட்காரும்போது மாலை மாற்றியது எங்கே, பந்தி எங்கே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. துண்டு துண்டாக வேண்டாம் என்றால் ஃபைலைப் பிரிக்கிற டிஸ்கன்டினியூட்டி அளவை 0 வைத்து, அதிகபட்ச ஃபிரேம் எண்ணிக்கையை 90,000க்கு மேல் போடுங்கள், ஒரு மணி நேரக் கேசட் ஒரே ஃபைலாக வரும். ஓடும்போது, விட்டுப்போன ஃபிரேம்களைக் காட்டும் டிராப்டு என்ற எண்ணில் ஒரு கண் இருக்கட்டும். அது 0லேயே நிற்க வேண்டும், ஏறினால் மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு அந்தப் பகுதியை மறுபடி ஓட்டுங்கள்.

ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், ஃபைல் சுமார் 13 ஜிபி வரும். இடம் அடைக்கிறதே என்று ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள், ஹார்டு டிஸ்க்கில் தனியாக வைத்துவிட்டு அதன் நகலில் எடிட் செய்யுங்கள். ஆள் வேகமாக நடக்கும் இடத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது ரிப்பேர் இல்லை, ஒவ்வொரு படத்தையும் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு பாதியாகப் பதிக்கும் இன்டர்லேஸ் வீடியோ கம்ப்யூட்டரில் அப்படித்தான் தெரியும். குடும்ப வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் நகலை மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் டீஇன்டர்லேஸ் போட்டு எம்பி4 ஆக்கினால் சரியாகிவிடும்.

கேமரா இன்னும் ஓடுகிறது என்றால் கார்டைத் தயங்காமல் வாங்குங்கள். மினி டிவி கேமராவை இப்போது யாரும் புதிதாகத் தயாரிப்பதில்லை, உள்ளே கேசட்டைப் படிக்கிற ஹெட் தேய்ந்துவிட்டால் அதைச் சரிசெய்து தர ஆள் கிடைப்பது கஷ்டம்.