வைரமா, ருத்தேனியமா? ஆஸ்பத்திரிக் கழிவுநீருக்கு ஏற்ற மின்வாய் எது

வாய்வழி எடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாக சிப்ரோ) என்ற கிருமிகொல்லி மருந்தில் 40 முதல் 50 சதவீதம் மாறாமலே சிறுநீரில் வெளியேறிவிடும். வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை ஆஸ்பத்திரிகளின் சாக்கடை கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையம் போய்ச் சேர்ந்தாலும், நுண்ணுயிர்த் தொட்டிகளில் இந்த மருந்து சிதைவதைவிடச் சேற்றில் ஒட்டிக்கொள்வதே அதிகம். அதனால் சாக்கடையில் கலக்கும் முன்பே, ஆஸ்பத்திரி வாசலிலேயே மின்சாரத்தால் உடைக்கலாம் என்கிறார்கள். எந்த மின்வாயை (எலெக்ட்ரோடை) வைத்து?

போரான் கலந்த வைரப் பூச்சுதான் இதில் ராஜா. ஆக்சிஜன் குமிழாக மின்சாரம் வீணாவது இதில் குறைவு. மேற்பரப்பில் பிறக்கும் ஹைட்ராக்சில் மூலிகள் (எதையும் தாக்கும் ரேடிக்கல்கள்) மருந்தை கார்பன் டை ஆக்சைடு வரை எரித்துவிடும். விலைதான் கண்ணைக் கட்டும். டைட்டானியத்தின் மேல் ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசியது மலிவு, வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் அது மூலிகளைத் தன்னோடு இறுக்கிக்கொள்வதால், மூலக்கூறை அரைகுறையாகக் கடித்துவிட்டு நின்றுவிடும். சிப்ரோவில் முதலில் உடைவது பெரும்பாலும் மூலக்கூறின் ஓரத்தில் இருக்கும் பைப்பரசின் வளையம். நடுப்பகுதியான குயினோலோன் கரு மிஞ்சினால் கிருமிகொல்லும் குணமும் ஓரளவு மிஞ்சும். அளக்கும் கருவியில் சிப்ரோ காணாமல் போகும், தண்ணீரில் வேலை பாதியில் நிற்கும்.

ஈய டை ஆக்சைடு நன்றாகவே எரிக்கும். ஆனால் ஈயம் கரைந்து வரக்கூடிய ஒன்றை மருந்து நீக்கப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆன்டிமனி கலந்த டின் ஆக்சைடு சீக்கிரம் செத்துவிடும். இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வைத்து மூலிகளை உண்டாக்கும் எலெக்ட்ரோ ஃபென்டன் முறைக்கு அமிலம் ஊற்றி பி.எச். 3-க்கு இறக்க வேண்டும், பிறகு நடுநிலையாக்க வேண்டும், இரும்புச் சேறு வேறு.

இதுவரை வைரம்தான் ஜெயிக்கிறது. ஆனால் ஆய்வகங்களில் பெரும்பாலும் குளோரைடு இல்லாத சோடியம் சல்பேட் கரைசலில்தான் சோதிக்கிறார்கள். நம்ம தண்டையார்பேட்டை போர் தண்ணியோ, நாக்கில் பட்டாலே கரிக்கும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பழைய கதை. இந்த உப்பின் குளோரைடு இருந்தால் ருத்தேனியம் குளோரின் தயாரிக்கும். மருந்து வேகமாக உடையும், கூடவே குளோரின் ஏறிய துணைப்பொருள்களும் வரும். வைரமோ இன்னும் மேலே போய்க் குளோரேட், பெர்குளோரேட் வரை இழுத்துவிடும். பெர்குளோரேட் தைராய்டுக்கு ஆகாது, பிறகு நீக்குவதும் கஷ்டம்.

ஆனாலும் என் ஓட்டு வைரத்துக்கே, கரெண்டைக் குறைத்து ஓட்டுவதானால். பெர்குளோரேட் பெரும்பாலும் கரிமப்பொருள் தீர்ந்த பிறகு, மின்னோட்டம் அதிகமாக இருக்கையில்தான் கூடுகிறது. முன்னதாகவே நிறுத்தினால் கட்டுக்குள் இருக்கும். விற்க வருபவர் சிப்ரோ மறைந்த வரைபடத்தை நீட்டினால், மொத்தக் கரிமக் கார்பன் (உடைந்த துண்டுகளையும் சேர்த்து) எவ்வளவு குறைந்தது, பெர்குளோரேட் எவ்வளவு வந்தது என்று உங்கள் தண்ணீரிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.