பட்டை முழுக்கப் பச்சை, அட்டை மட்டும் சில்வர்

விமான நிறுவனங்களின் அடிக்கடி பறப்போர் திட்டத்தில் கோல்ட் அட்டைக்காகக் கூட்டாளி நிறுவனங்களின் விமானங்களில் பறந்துகொண்டிருப்பவர்கள், அடுத்த டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஓர் உறுப்பினர் ஆண்டு (புள்ளி கணக்கிடும் 12 மாதம்) முழுக்க நான் சேர்த்த பயணங்களை, வாடிக்கையாளர் சேவையில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரு விதியைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

எனக்கு அட்டை தந்த நிறுவனம் நான் போக வேண்டிய ஊர்களுக்கு நேரடியாகப் பறப்பதில்லை. அதே விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கும் இன்னொரு நிறுவனம் பறக்கிறது. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சாட்டில் கேட்டேன்: "கூட்டாளி விமானத்தில் போனால் கோல்டுக்கான கணக்கில் சேருமா?" உடனே பதில் வந்தது: "நிச்சயமாக. எங்கள் கூட்டணியில் உள்ள அனைத்து நிறுவனங்களின் பயணங்களும் சேரும்." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. அந்த உரையாடலின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதல் பயணம் முடிந்து கணக்கைத் திறந்தால் ஒரு பகுதிக்குப் புள்ளி வந்திருந்தது, இன்னொரு பகுதிக்குச் சுழியம். ஒரே டிக்கெட், ஒரே நிறுவனம், இரண்டும் எகானமி. காரணம் கேட்டபோதுதான் எழுத்துக் கதையை எடுத்தார்கள். இ-டிக்கெட்டில் விமான எண்ணுக்கு அருகில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒய், எம், கே, க்யூ என்று எகானமிக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கட்டணப் படி. அட்டை தந்த நிறுவனம் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனி அட்டவணை வைத்திருக்கிறது. அதில் சில எழுத்துகளுக்குப் பறந்த தூரம் முழுவதும் கணக்கில் ஏறும், சிலவற்றுக்குப் பாதி, சிலவற்றுக்குக் கால் பங்கு. மலிவுக் கட்டண எழுத்துகள் சிலவற்றுக்கு ஒன்றுமே கிடையாது. பக்கத்து இருக்கைக்காரருக்கும் எனக்கும் கிடைத்தது ஒரே மாதிரி இருக்கை, ஒரே சாப்பாடு. ஆனால் எழுத்து வேறாக இருந்தால் அவர் கணக்கு நிறையும், என் கணக்கு காலியாகக் கிடக்கும்.

இதில் இன்னொரு பொறி. கூட்டாளி நிறுவனத்தின் தளத்தில் டிக்கெட் வாங்கும்போது "இந்தப் பயணத்தில் இத்தனை மைல் கிடைக்கும்" என்று காட்டுவார்கள். அது அவர்களுடைய உறுப்பினர்களுக்கான கணக்கு. வேறு நிறுவனத்தின் அட்டை எண்ணைக் கொடுத்துப் பறப்பவருக்கும் அந்த மைல் கணக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எழுத்துகளுக்கும் எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது. ஒரு நிறுவனத்தில் நடுத்தரக் கட்டணத்தைக் குறிக்கும் எழுத்து, இன்னொன்றில் அடிமட்டச் சலுகையைக் குறிக்கும்.

டிக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளும் மைல் ஒரு கணக்கு. கோல்ட், பிளாட்டினம் என்று நிலை உயர்வதற்கான தகுதிப் புள்ளி வேறு கணக்கு. "மைல் சேரும்" என்று ஊழியர் சொன்னால் பெரும்பாலும் முதல் கணக்கைத்தான் சொல்கிறார். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் திட்டத்தைப் பாருங்கள். கிரிஸ்ஃப்ளையர் எலைட் கோல்டுக்கு 12 மாதங்களில் 50,000 எலைட் மைல் வேண்டும். அதை அவர்கள் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் கூட்டாளி விமானங்களிலும் சேர்க்கலாம். ஆனால் அதற்கு மேலே இருக்கும் பிபிஎஸ் கிளப்புக்குக் கூட்டாளி விமானத்தில் எத்தனை தடவை உலகைச் சுற்றினாலும் ஒரு புள்ளிகூட ஏறாது. குறைந்தபட்சம் அங்கே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். கூட்டணிக்கு வெளியே தனி ஒப்பந்தம் வைத்திருக்கும் கூட்டாளிகளிடம் இன்னும் கவனம் தேவை. அங்கே பல நேரங்களில் மைல் மட்டும்தான் வரும், தகுதி வராது.

சரி, எழுத்தைப் பார்த்துப் பார்த்து டிக்கெட் எடுத்து, மிச்சப் புள்ளிகளையும் சேர்த்து முடித்தேன். செயலியில் முன்னேற்றப் பட்டை முனைவரைக்கும் பச்சையாகிவிட்டது. அதன் கீழே "இலக்கை எட்டிவிட்டீர்கள்" என்று வாழ்த்து வேறு. அட்டை மட்டும் சில்வரிலேயே நின்றது. கணினி தாமதம் என்றார்கள், காத்திருந்தேன். உறுப்பினர் ஆண்டு முடிந்த பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது: தேவையான புள்ளிகளைப் பெற்றிருந்தாலும், எங்கள் சொந்த விமானங்களில் குறைந்தபட்சப் பயணங்களை நீங்கள் மேற்கொள்ளாததால் நிலை உயர்வு வழங்க இயலாது. சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரி கையை விரித்துவிட்டார்.

இப்படி ஒரு விதி இருப்பதே அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் திட்டத்தில் ஆண்டுக்கு 4 பயணங்கள் அவர்களுடையதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் யுனைடெட்டும் 4 சொந்த விமானப் பயணங்கள் கேட்கிறது. தன்னிடம் ஒரு தடவைகூட ஏறாதவருக்கு எதற்கு மரியாதை என்று ஒரு நிறுவனம் நினைத்தால் அதில் நியாயம் உண்டு. பட்டையில் அதைக் காட்டாமல் மறைத்ததும், நேராகக் கேட்டபோது சாட்டில் விழுங்கியதும்தான் மோசடி. ஆண்டு முடிவதற்குள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறுகிய தூர டிக்கெட் வாங்கியாவது ஏறி இறங்கியிருப்பேன்.

வயிற்றெரிச்சலின் உச்சம் கோட்ஷேர். என் பயணங்களில் சிலவற்றில் விமான எண் அட்டை தந்த நிறுவனத்துடையது, பறந்த விமானம் கூட்டாளியுடையது. "எண் உங்களுடையதுதானே, சொந்தப் பயணமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "இயக்கியவர் யார் என்பதைத்தான் பார்ப்போம்" என்றார்கள். ஆனால் அதே பயணத்துக்குப் புள்ளி குறைவாக வந்தபோது, "டிக்கெட்டில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் கணக்கு" என்று பதில் எழுதியவர்களும் இவர்களேதான். இரண்டு மின்னஞ்சல்களையும் அடுத்தடுத்து ஒட்டி அனுப்பினேன். அதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை.

நடுவில் ஒரு விமானம் ரத்தாகி, கூட்டணியிலேயே இல்லாத வேறொரு நிறுவனத்தில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் புள்ளி வரவில்லை. அட்டை தந்தவர்கள் "பறக்கவைத்தவரைக் கேளுங்கள்" என்றார்கள், அவர்கள் "உங்கள் திட்டத்தைக் கேளுங்கள்" என்றார்கள். இப்படிப் பந்தாடும்போது கேட்க வேண்டியது ஒரிஜினல் ரூட்டிங் கிரெடிட். அதாவது, முதலில் வாங்கிய டிக்கெட்டில் இருந்த பாதைக்கும் எழுத்துக்கும் உரிய புள்ளியைத் தரச் சொல்வது. இந்தச் சொல்லைப் போட்டு எழுதிய பிறகுதான் அந்தப் புள்ளிகள் வந்தன. போர்டிங் பாஸின் படமும் டிக்கெட் எண்ணும் இல்லாமல் இந்தக் கோரிக்கை நகராது. கோரிக்கைக்குக் கெடுவும் உண்டு, திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

டிக்கெட் எண் 13 இலக்கம். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வெளியிட்டது யார் என்பதைச் சொல்லும்: 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ். யாரிடம், எந்த நிறுவனத்தின் விமான எண்ணில் வாங்கினோம் என்பது கணக்கையே புரட்டிப்போடும். 2025 ஏப்ரல் 1 முதல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பயணங்களுக்குச் செலவழித்த பணத்தை வைத்து நிலைப் புள்ளி தருகிறது. கூட்டாளிகள் பலரிடம் அவர்கள் விமான எண்ணிலேயே வாங்கினால் தூரமும் வகுப்பும்தான் கணக்கு. நீண்ட தூரத்துக்குச் சலுகை விலையில் பிசினஸ் வகுப்பு கிடைப்பவருக்கு இரண்டாவது வழி லாபமாகக்கூட அமையலாம்.

ஆகவே கூட்டாளி வழியே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உள்நாட்டுப் பயணங்களில் தன் சொந்த உயர்நிலை உறுப்பினர்களுக்கு லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) கதவைத் திறப்பதில்லை. அதே ஒன்வேர்ல்ட் கூட்டணியின் வேறு பெரும்பாலான நிறுவனங்களின் சஃபையர் நிலை அட்டையோடு வருபவருக்குத் திறக்கிறது. வேடிக்கையாக இருந்தாலும் விதி அதுதான். அதைத் தெரிந்துகொண்டே வெளி நிறுவனத்தின் அட்டையை வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் கூட்டணி தருவது லவுஞ்ச், கூடுதல் பெட்டி, முன்னுரிமை வரிசை இவ்வளவுதான். வகுப்பு உயர்வு போன்ற கனமான சலுகைகளை அந்தந்த நிறுவனம் பெரும்பாலும் தன் சொந்த உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்கிறது.

சாட்டில் கேட்பதாக இருந்தால் "சேருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தக் கட்டண எழுத்தில், இந்த விமான எண்ணில், இவர் இயக்கும் விமானத்துக்கு எத்தனை தகுதிப் புள்ளி, சொந்த விமானப் பயணம் எத்தனை கட்டாயம் என்று எழுத்துப்பூர்வமாக வாங்குங்கள். பட்டையை நம்பாமல் விதிமுறைப் பக்கத்தையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். ஆண்டு நடுவில் மாற்றிவிட்டு எப்போதும் இப்படித்தான் என்பார்கள்.

எனக்குச் சமாதானமாகக் கொஞ்சம் மைல் தருகிறோம் என்றார்கள். மைல் வேண்டாம், சாட்டில் சொன்ன நிலையைக் கொடுங்கள் என்று திருப்பி எழுதியிருக்கிறேன். இதற்கிடையில் அடுத்த பயணத்தை அதே கூட்டணியில் உள்ள வேறொரு நிறுவனத்தின் திட்டத்தில் வரவு வைத்துவிட்டேன். சொந்த விமானக் கட்டாயம் அங்கே கிடையாது என்று விதிமுறைப் பக்கத்திலேயே இருக்கிறது.